வாரத்துக்கு ஒரு ஊசி: நெய்வேலி வாக்கிங்கில் கேட்ட கேள்விகள்

நெய்வேலி டவுன்ஷிப்பில் சாயங்காலம் நடக்கப் போகிறவர்களோடு சேர்ந்து நடந்தால் ஊரின் உடம்பு நிலவரம் தெரிந்துவிடும். யாருக்கு மூணு மாச சுகர் எட்டைத் தாண்டியது, யாருக்கு இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள், யாருக்கு முட்டி தேய்ந்துபோச்சு, எதுவும் ரகசியமில்லை. 2025-இல் இருந்து அந்தப் பேச்சில் ஒரு புது விஷயம் சேர்ந்திருக்கிறது. "வாரத்துக்கு ஒரு ஊசியாம், பத்து கிலோ இறங்குதாம். நீதான் இதையெல்லாம் படிக்கிற ஆளாச்சே, அது என்னப்பா?"

நான் டாக்டர் இல்லை. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக் குறிப்பெடுத்து வைக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு டோஸ் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் போய் உட்காரும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால் நல்லது, அதற்குத்தான் இந்தப் பதிவு. என் கருத்தையும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். மருந்து நிஜமாகவே வேலை செய்கிறது. ஆனால் நம்ம ஊரில் இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் மாதிரி ஒரு கோர்ஸ் போட்டு முடித்துவிடலாம் என்ற நினைப்பில் கேட்கிறார்கள். பிரஷர் மாத்திரை மாதிரி யோசிக்க வேண்டிய மருந்து இது. கீழே நான் சொல்வதில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

நெய்வேலிக்கென்று தனியாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சுரங்கம் என்றதும் மண்வெட்டி, வேர்வை என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கே மண்ணை வெட்டுவது ராட்சதச் சக்கர இயந்திரங்கள். அதை ஓட்டுகிறவருக்கு கேபினில் உட்கார்ந்த வேலை. அனல்மின் நிலையக் கண்ட்ரோல் ரூமும் உட்கார்ந்த வேலைதான். மூணு ஷிஃப்ட், மாறி மாறித் தூக்கம், நைட் ஷிஃப்டில் டீயும் போண்டாவும். ரிட்டயர் ஆனபிறகு அந்த அசைவும் குறைந்துவிடுகிறது. இது நம்ம ஊர்க் கதை மட்டுமல்ல. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது உடல்பருமன் கணக்கில் வருகிறார்கள். சென்னை மெட்ராஸ் டயபெடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வில் தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம். ஏழு பெரியவர்களில் ஒருவர்.

"இது இன்சுலினா? பல்லி விஷம்னு சொல்றாங்களே?"

இன்சுலின் இல்லை. நாம் சாப்பிட்டதும் சிறுகுடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது கணையத்திடம் "சாப்பாடு வந்தாச்சு, இன்சுலினை விடு" என்கிறது, வயிறு காலியாவதை மெதுவாக்குகிறது, மூளைக்கு "போதும்" என்று தகவல் அனுப்புகிறது. ஆனால் இயற்கையில் அதற்கு ஆயுள் ஓரிரு நிமிஷம்தான். டிபிபி-4 என்ற நொதி அதை உடனே வெட்டிப் போட்டுவிடும்.

பல்லிக் கதை பாதி உண்மை. கிலா மான்ஸ்டர் என்று அமெரிக்கப் பாலைவனத்தில் ஒரு விஷப்பல்லி இருக்கிறது. அதன் எச்சிலில் நம் ஜிஎல்பி-1 மாதிரியே வேலை செய்கிற, ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருளை 1990-களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற நியூயார்க் டாக்டர் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த எக்ஸெனடைடு என்ற சர்க்கரை நோய் மருந்துக்கு 2005-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தினம் ரெண்டு தடவை ஊசி. இப்போது பேசப்படுகிற வார ஊசிகளில் பல்லிச் சரக்கு எதுவும் கிடையாது. மனித ஹார்மோனைக் கொஞ்சம் மாற்றி, அதோடு ஒரு கொழுப்பு அமில வாலை ஒட்டியிருக்கிறார்கள். அந்த வால் ரத்தத்தில் இருக்கிற ஆல்புமின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது, அதனால் மருந்து சீக்கிரம் கரைவதில்லை. செமாக்ளுடைடின் அளவு உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், டிர்செபடைடுக்கு 5 நாள். வாரத்துக்கு ஒன்று போதும் என்பதன் காரணம் இதுதான். வாந்தி வந்தால் "ஊசியை வெளியே எடுத்துவிட" முடியாததற்கும் காரணம் இதேதான்.

கடைப் பெயர்களையும் சொல்லிவிடலாம். வீகோவி, ஓசெம்பிக் இரண்டும் செமாக்ளுடைடு. வீகோவி எடைக்கு, ஓசெம்பிக் சர்க்கரை நோய்க்கு என்று அனுமதி. மவுஞ்சாரோ என்பது டிர்செபடைடு. அது ஜிஎல்பி-1 வேலையோடு ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இங்கே ஒரு சின்னக் குறிப்பு, நிறைய பேருக்குப் பயன்படும். உங்கள் சுகர் மாத்திரைப் பட்டையில் விலடாகிளிப்டின், சிட்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் என்று "கிளிப்டின்" என முடிகிற பெயர் இருக்கிறதா? அந்த மாத்திரையின் வேலை மேலே சொன்ன டிபிபி-4 நொதியைத் தடுத்து, சொந்த ஜிஎல்பி-1 கொஞ்ச நேரம் கூடுதலாக வாழ வைப்பது. ஊசியே வந்துவிட்டபிறகு அதனால் கூடுதல் லாபம் கிடையாது. வழக்கமாக டாக்டர்கள் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தவில்லை என்றால் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"போட்டா எவ்ளோ குறையும்?"

2021-இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில் 1,961 பேர், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். செமாக்ளுடைடு 2.4 மி.கி. போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடை குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4. டிர்செபடைடு வைத்து நடந்த சர்மவுன்ட்-1 ஆய்வில் 72 வாரத்தில் 5 மி.கி.-க்கு 15 சதவீதம், 15 மி.கி.-க்கு 20.9. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2025-இல் வந்தது: டிர்செபடைடு 20.2, செமாக்ளுடைடு 13.7.

ஆனால் நம் வாக்கிங் கூட்டத்துக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, ஏனென்றால் பாதிப் பேருக்கு சுகர் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எடை கொஞ்சம் பிடிவாதமாகத்தான் இறங்கும். ஸ்டெப்-2 ஆய்வில் அதே 2.4 மி.கி.-க்கு 9.6 சதவீதம்தான். டிர்செபடைடின் உச்ச டோஸுக்கு 14.7. 85 கிலோ உள்ள சுகர்க்காரருக்கு செமாக்ளுடைடு ஒரு வருஷத்துக்கும் மேலே போட்டு 8 கிலோ குறைந்தால் மருந்து ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். பெங்களூரில் இருக்கிற மச்சானுக்கு 18 கிலோ குறைந்ததைப் பார்த்து ஏங்க வேண்டாம்.

எல்லாமே சராசரிதான். ரொம்பக் குறைகிறவர்களும் உண்டு, அசையாதவர்களும் உண்டு. முதல் மாசத்து டோஸ் உடம்பைப் பழக்குவதற்கு மட்டும். செமாக்ளுடைடு 0.25 மி.கி.-யில் தொடங்கி நாலு வாரத்துக்கு ஒருமுறை ஏறும். முழு டோஸைத் தொடவே நாலு மாசம் ஆகும். "மூணு ஊசி போட்டேன், ஒண்ணும் நடக்கல" என்பவர்களுக்கு இதுதான் பதில்.

யாருக்கு இது? கம்பெனிகள் வாங்கியிருக்கிற அனுமதிப்படி பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 27-க்கு மேலே இருந்து கூடவே பிரஷர், சுகர் மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். 165 செ.மீ. உயரம் உள்ளவருக்கு 30 என்பது ஏறக்குறைய 82 கிலோ. பேத்தி கல்யாணத்துக்கு முன்னாடி 4 கிலோ குறைக்கணும் என்பவருக்கான மருந்து இல்லை.

"எத்தனை மாசம் போடணும்?"

இதைத்தான் எல்லாரும் கடைசியாகக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இது.

ஸ்டெப்-1 முடிந்தபிறகு அதில் 327 பேரை ஊசி இல்லாமல் இன்னொரு வருஷம் கவனித்தார்கள். செமாக்ளுடைடு போட்டவர்கள் 17.3 சதவீத எடையைக் குறைத்திருந்தார்கள். ஒரு வருஷத்தில் அதில் 11.6 திரும்பி வந்துவிட்டது. கையில் நின்றது 5.6. மூணு பங்கில் ரெண்டு பங்கு போச்சு. டிர்செபடைடுக்கும் இதே கதைதான். சர்மவுன்ட்-4 ஆய்வில் 36 வாரம் மருந்து கொடுத்து எல்லாருக்கும் நன்றாகக் குறைந்தபிறகு, பாதிப் பேருக்குத் தெரியாமல் வெறும் ஊசிக்கு மாற்றினார்கள். அவர்களுக்கு அடுத்த ஒரு வருஷத்தில் 14 சதவீதம் ஏறியது. தொடர்ந்து போட்டவர்களுக்கு மேலும் 5.5 குறைந்தது.

இதை மன உறுதி இல்லாததன் விளைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எடை குறைந்த உடம்பு பசியைக் கூட்டி, செலவைக் குறைத்துப் பழைய எடைக்குத் திரும்பப் பார்க்கும். ஊசி அந்தப் பசியின் வாயைக் கட்டி வைத்திருந்தது, நிறுத்தியதும் கட்டு அவிழ்கிறது. போதைப் பழக்கம் மாதிரி இதில் எதுவும் இல்லை. நிறுத்தினால் கை நடுங்காது. பசி திரும்பி வரும், அவ்வளவே.

அப்படியானால் காசுக் கணக்கை முதலிலேயே போட வேண்டும். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. வயல் ஒன்று 3,500 ரூபாய், 5 மி.கி. வயல் 4,375. மாசத்துக்கு நாலு. அதாவது 5 மி.கி.-யிலேயே நின்றால்கூட 17,500. ஜூனில் வந்த வீகோவி ஆரம்ப டோஸ் மாசம் 17,345 என்று இருந்து, நவம்பரில் 10,850 ஆகக் குறைந்தது. 2026 மார்ச்சோடு செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் முடிவதால் நம் நாட்டுக் கம்பெனிகளுக்கும் வழி திறக்கிறது. டிர்செபடைடுக்கு அந்த வழி இன்னும் இல்லை. விலை இறங்குவது நல்லதுதான். ஆனால் விலை இறங்கினால் "சும்மா ரெண்டு மாசம் போட்டுப் பார்ப்போம்" என்பதும் கூடும். அதுதான் எனக்குக் கவலை.

ஆகவே நான் யாரிடமும் "மாசம் எவ்ளோ?" என்பதோடு நிறுத்துவதில்லை. "ரெண்டு வருஷத்துக்கு உங்களால முடியுமா?" என்று கேட்கிறேன். கம்பெனி மெடிக்கலில் வருமா, இன்சூரன்சில் வருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், காது வழிச் செய்தியை நம்பி ஆரம்பிக்காதீர்கள். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இந்தக் கேள்வியே வேறு. அவர் கடன் வாங்கி மூணு மாசம் போட்டு நிறுத்துவதைவிட, அந்தப் பணத்தில் முட்டையும் பிரஷர் மாத்திரையும் வாங்குவது மேல் என்பது என் அபிப்பிராயம்.

மாசக் கணக்கில் போட்டால் எடை தவிர வேறு என்ன கிடைக்கும் என்பதும் நியாயமான கேள்வி. ஏற்கனவே இதய நோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் நடந்த செலக்ட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 20 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் கெட்டிருந்த சுகர்க்காரர்களிடம் நடந்த ஃப்ளோ ஆய்வில் அந்தப் பாதிப்பு மோசமாவது 24 சதவீதம் குறைந்தது. "இதைப் போட்டா கிட்னி போயிடும்" என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு ஒரு "ஆனால்" உண்டு, வெயில் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

"மத்த சுகர் மாத்திரையெல்லாம் அப்படியே போடலாமா?"

ஊரில் நிஜமாகவே ஆள் விழக்கூடிய இடம் இது. ஊசி மட்டும் தனியாக இருந்தால் லோ சுகர் வருவது அரிது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால்தான் அது கணையத்தைத் தட்டும், குறைந்தால் கையை எடுத்துவிடும். கிளிமெபிரைடு அப்படி இல்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைப் பிழிந்து எடுக்கும். நம்ம ஊரில் மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடு சேர்ந்த ஒரே மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்கள் ஏராளம். பலருக்கு அதில் ரெண்டு மருந்து இருப்பதே தெரியாது, "வெள்ளை மாத்திரை" என்பார்கள். இப்போது ஊசி வந்து சாப்பாட்டைப் பாதியாக்குகிறது. மாத்திரையோ பழைய சாப்பாட்டுக்கான வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே நிலைமை.

லோ சுகரின் முதல் அறிகுறி வேர்வை, படபடப்பு, கை நடுக்கம். நெய்வேலியில் ஒருவர் வேர்த்து நின்றால் யார் அதைச் சுகர் என்று நினைப்பார்கள்? "என்ன வெயிலு சார்" என்று விசிறிக்கொண்டு போவார்கள். நைட் ஷிஃப்டில் கன்வேயர் பக்கம் நிற்கிறவர், லாரி ஓட்டுகிறவர், உயரத்தில் ஏறுகிறவர் இவர்களுக்கு அந்தப் பத்து நிமிஷக் குழப்பம் போதும். ஆகவே ஊசி ஆரம்பிக்கும் அன்றே எல்லா மாத்திரைப் பட்டையையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் இருந்தால் அளவைக் குறைக்கணுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். முதல் ரெண்டு மாசம் குளுக்கோமீட்டர் கைவசம் இருக்கட்டும். சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் மாத்திரையோ கொஞ்சம் சர்க்கரையோ. சஷ்டி, கிருத்திகை விரதம் இருக்கிறவர்கள் அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரஷர் மாத்திரையும் எடை குறையக் குறைய அதிகமாகத் தோன்றலாம். எழுந்து நின்றால் தலை சுற்றினால் அதைப் பரிசோதிக்க வேண்டும்.

"பசியே இல்ல, சாப்பிடாம விட்டா இன்னும் சீக்கிரம் குறையும்ல?"

குறையும். எது குறையும் என்பதுதான் கேள்வி.

எடை மெஷின் கொழுப்பையும் சதையையும் பிரித்துச் சொல்லாது. ஸ்டெப்-1-இல் ஒரு சின்னக் குழுவுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் சுமார் 40 சதவீதம் கொழுப்பு அல்லாத பகுதி. டிர்செபடைடு ஆய்வில் அது சுமார் 25 சதவீதம். இதில் எல்லாமே தசை இல்லை, நீரும் மற்றதும் சேர்ந்தது. எந்த வழியில் எடை குறைத்தாலும் கொஞ்சம் தசை போகத்தான் செய்யும். ஆனால் நமக்குக் கையிருப்பே குறைவு. 2004-இல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனே கேஇஎம் மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. உடல் கொழுப்பு மட்டும் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடம்புக்குள் கொழுப்பு அதிகம், தசை கம்மி என்பதற்கு அதைவிட எளிமையான பாடம் கிடையாது.

அறுபது தாண்டியவருக்குத் தசை என்பது அழகு சமாச்சாரம் இல்லை. தரையிலிருந்து கையூன்றாமல் எழுவது, பஸ் படி ஏறுவது, பாத்ரூமில் வழுக்கினால் சமாளிப்பது எல்லாம் அதுதான். எங்கள் தெருவில் ஒருவர் ஆறு மாசத்தில் 11 கிலோ குறைத்தார். பார்க்கிறவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். அவர் வீட்டுக்காரம்மா மட்டும்தான் கவனித்தார், பந்தியில் தரையில் உட்கார்ந்தால் எழுப்பி விட ஆள் தேவைப்படுகிறது என்று. மூணு வேளையும் அவர் சாப்பிட்டது ரெண்டு இட்லி, கொஞ்சம் ரசம் சாதம், ரெண்டு இட்லி.

சாப்பாடு பாதியாகிறது என்றால் எந்தப் பாதியை வைத்துக்கொள்வது என்பதுதான் நம் கையில் இருக்கிறது. கிலோ எடைக்கு ஒரு கிராம் புரதம் என்று பொதுவாகச் சொல்வார்கள் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு வேறு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்). 75 கிலோ ஆளுக்கு 75 கிராம். மூணு இட்லி சட்னியில் 10 கிராம்கூடத் தேறாது. ஒரு முட்டையில் 6. ஆகவே தட்டில் முதலில் முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர். சாதம் கடைசியில், இடம் இருந்தால். கடலூர் பக்கத்து மீன் நமக்குக் கிடைப்பது எத்தனை ஊருக்குக் கிடைக்கும்? பண்ருட்டி முந்திரியிலும் புரதம் உண்டு, ஆனால் 100 கிராமில் 550 கலோரிக்கு மேலே, கையளவோடு நிறுத்த முடிகிறவர்கள் சாப்பிடலாம். கூடவே வாரத்தில் ரெண்டு மூணு நாள் பளு. ஜிம் வேண்டாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்துத் தடவை, தண்ணீர் பாட்டில் தூக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது போதும். வெறும் வாக்கிங் இதயத்துக்கு நல்லது, தசையை அது காப்பாற்றாது. இதைச் சொன்னால் வாக்கிங் கோஷ்டிக்குக் கோபம் வருகிறது.

"வாந்தி வருமாமே?"

குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல். பெரும்பாலும் டோஸ் ஏற்றுகிற வாரங்களில். வயிறு மெதுவாகக் காலியாவதால் பழைய அளவில் சாப்பிட்டால் எதிர்த்துக்கொண்டு வரும், எண்ணெய்ப் பண்டம் என்றால் இன்னும் மோசம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, வயிறு நிரம்புவதற்கு முன் எழுந்துவிட்டால் பலருக்குச் சமாளிக்க முடிகிறது. தாங்க முடியவில்லை என்றால் டோஸை ஏற்றாமல் அங்கேயே நிற்கலாம், டாக்டரிடம் சொல்லி.

கிட்னி பற்றி வைத்த அந்த "ஆனால்" இதுதான். வாந்தியும் பேதியும் நாலு நாள் தொடர்ந்து, தண்ணீரும் இறங்காமல், வெளியே கத்திரி வெயில் என்றால் உடம்பு வற்றி சிறுநீரகம் திடீரென்று அடி வாங்கலாம். பசியோடு தாகமும் சிலருக்குக் குறைந்துவிடுகிறது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர், மோர், தேவைப்பட்டால் ஓஆர்எஸ். ஏப்ரல், மே மாசத்தில் டோஸ் ஏற்ற வேண்டியிருந்தால், வெளியில் வேலை செய்கிறவர்கள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மேல் வயிற்றில் கடுமையான வலி வந்து முதுகு வரை போனால், வாந்தியும் சேர்ந்தால், "கேஸ்" என்று ஓமத்தண்ணி குடித்துக் காத்திருக்கக் கூடாது. கணைய அழற்சியாக இருக்கலாம். வலது பக்க வலி, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் பித்தப்பைக் கல். ரெண்டுக்கும் நேராக கேஷுவால்டி. ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கினாலும் அப்படியே. ரொம்ப ரொம்ப அரிது, ஆனால் தாமதிக்கக் கூடாத விஷயம். ஏற்கனவே சுகரால் விழித்திரை கெட்டிருப்பவர்கள் ஊசி ஆரம்பிக்கும் முன்பே ஒரு கண் பரிசோதனை முடித்துவிட வேண்டும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது அது மோசமாவதுண்டு.

சிலருக்கு இந்த ஊசியே கூடாது. மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் தனக்கோ ரத்த சொந்தத்திலோ இருந்தவர்கள், மென்-2 என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள். சாதாரணத் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இதில் சேர்த்தி இல்லை. இது தெரியாமல் பயப்படுகிற அக்காக்கள் நிறைய. குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்கள் செமாக்ளுடைடை ரெண்டு மாசம் முன்னாடியே நிறுத்த வேண்டும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு எடை குறைந்ததும் எதிர்பாராமல் கரு தங்குவதுண்டு. கருத்தடை மாத்திரையின் வேலையை டிர்செபடைடு குறைக்கும் என்பதால், ஆரம்பித்த நாலு வாரமும் ஒவ்வொரு டோஸ் ஏற்றத்துக்குப் பிறகு நாலு வாரமும் வேறு தடுப்பும் தேவை. ஆபரேஷன் என்றால், பல் பிடுங்குவது தவிர மயக்க மருந்து எதுவானாலும், மயக்க டாக்டரிடம் ஊசி விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ராத்திரி முழுக்கப் பட்டினி இருந்தும் வயிற்றில் சாப்பாடு மிச்சம் இருக்கலாம்.

"ஷிஃப்ட் மாறுது, நாள் தவறிப்போச்சுன்னா?"

இதில் நம்ம ஊருக்கு வசதிதான். சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், காலை, ராத்திரி, எப்போது வேண்டுமானாலும் போடலாம். கிழமை மட்டும் ஒன்றாக இருக்கட்டும். வீக்லி ஆஃப் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஆஃபை வைத்துக் கணக்குப் போடாமல் "வெள்ளிக்கிழமை" என்று காலண்டரில் வட்டம் போடுங்கள். மவுஞ்சாரோ தவறினால் 4 நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம். ஓசெம்பிக், வீகோவிக்கு 5 நாள். அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வெள்ளிக்கே போக வேண்டும். ரெண்டு ஊசியைச் சேர்த்துப் போடவே கூடாது. ரெண்டு மூணு வாரம் விட்டுப்போனால் பழைய டோஸில் நேராகக் குதிக்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

மருந்து ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் உருக்கிப் போடக் கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்தபிறகு சில வாரம் வெளியில் வைக்கலாம் என்று தாளில் போட்டிருக்கும், நாள் கணக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு. ஆனால் எல்லாவற்றிலும் "30 டிகிரிக்குள்" என்று ஒரு வரி இருக்கும். மே மாசம் நெய்வேலியில் எந்த அறை 30 டிகிரிக்குள் இருக்கிறது? பைக் டிக்கியில் வைத்துக் கடலூரிலிருந்து கொண்டுவருவது கூடவே கூடாது. ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, மருந்து அதில் நேராகப் படாமல் வையுங்கள்.

கடைசியாக, எங்கே வாங்குவது, யாரோடு பங்கு போடுவது. சீட்டு எழுதி, பில் போட்டு, ஃபிரிட்ஜ் உள்ள மெடிக்கலில்தான். போலி செமாக்ளுடைடு உலகம் முழுக்கச் சுற்றுகிறது என்று உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டது. வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு வருவதைத் தொடாதீர்கள். "ஒரு வயலை வாங்கி நானும் தம்பியும் பாதிப் பாதி போட்டுக்கிறோம், சின்ன டோஸ்தானே" என்று ஒருவர் கேட்டார். மவுஞ்சாரோ வயல் ஒரே தடவைக்கானது. கிருமி வளராமல் தடுக்கிற பொருள் அதில் சேர்க்கப்படவில்லை. குத்திய வயலை வைத்திருந்து அடுத்த வாரம் போடுவதும் ஆபத்து, இன்னொருத்தரோடு பகிர்வதும் ஆபத்து. பேனாவாக இருந்தால் ஊசி முனையை மாற்றினாலும் பகிரக் கூடாது, ரத்தம் உள்ளே ஏறி நோய் தொற்றும். போட்டு முடித்த ஊசியைப் பழைய கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, நிரம்பியதும் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள். வாசலில் வைக்கிற குப்பைக் கூடையில் போட்டால், காலையில் அதைக் கையால் பிரிக்கிற அம்மாவின் விரலில்தான் ஏறும்.